தீண்டற்க

மன்னிக்க வேண்டும். நீங்கள் தொலைபேசியில் பேசியதை நான் ஒட்டுக்கேட்கவில்லை. நீங்கள் பேசிய சத்தத்துக்கு ஓட்டுநரே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் இருப்பவள் காதைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளவா முடியும்? ‘ஆபீஸ்ல ஒருத்தரும் இல்ல, ஒரு வேலையும் ஓடல, ஆனா சர்வர் மட்டும் கொதிக்குது’ என்றீர்கள். அந்த முனையில் இருந்தவர் ‘வைரஸ்’ என்றார். அதுவும் கேட்டது.

வைரஸ் அல்ல. அந்த ஆளை நம்பாதீர்கள். பேருந்து சேலம் போய்ச் சேர நேரம் இருக்கிறது, கேளுங்கள். இதே நோயைத் தீர்த்து வைத்தவள் நான்.

என் பெயர் மங்கையர்க்கரசி. கோவையில் தண்ணீர்ப் பம்பு செய்கிற ஒரு கம்பெனியில் கணினிப் பிரிவுக்குத் தலைவி. கணினி அறிவியலில் ஒரு முதுகலை, தமிழில் ஒரு முதுகலை. இரண்டும் வகுப்பில் உட்கார்ந்து படித்தவை. அஞ்சலில் வந்தவை அல்ல. பிரிவு என்றால் நானும் ஜோஸ்பினும். ஜோஸ்பின் என் உதவியாளர். கெட்டிக்காரப் பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். யாரைப் பார்த்துப் பழகினாளோ தெரியவில்லை.

நான் இப்படித்தான் பேசுவேன். சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள். நடத்துனர் ஏற்கெனவே சிரித்துவிட்டார். சர்வரை நான் ‘வழங்கி’ என்றுதான் சொல்வேன். காரணமில்லாமல் சொல்லவில்லை. எங்கள் அலுவலகத்தில் சர்வர் என்றால் எதிர்க்கடையிலிருந்து காபி கொண்டுவருகிற பழனிவேலு. ஒருமுறை ஜோஸ்பின் ‘சர்வர் விழுந்துருச்சு’ என்று கத்தினாள். கணக்காளர் ஆறுச்சாமி செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடினார். அன்றைக்கே முடிவு செய்தேன், நம் மொழியில் சொல் இருக்கும்போது நமக்கென்ன வந்தது என்று.

அந்த வழங்கி இருப்பது கண்ணாடித் தடுப்புப் போட்ட ஒரு சிறிய அறை. அலுவலகத்திலேயே குளிர்சாதனம் உள்ள இடம் அது ஒன்றுதான். அதனால் அது வழங்கியின் அறையாக இல்லாமல் சத்திரமாக இருந்தது. யார் வேர்த்தாலும் உள்ளே போவார்கள். போனவர் சும்மா வரமாட்டார். சுட்டியை, அதாவது மவுஸை, பிடித்து நாலு முறை ஆட்டிவிட்டுத்தான் வருவார். ஆறுச்சாமி அதன் தலைமேல் தம் சோற்றுப் பாத்திரத்தை வைப்பார். சூடு ஆறாமல் இருக்குமாம். நான் கேட்டால், ‘பொட்டி மேலதானுங் வெச்சேன், உள்ளயா வெச்சேன்?’ என்பார்.

இதையெல்லாம் பொறுத்தேன். ஆயுத பூசையன்று பொறுக்கவில்லை. சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிற குப்புராஜ், பம்புகளுக்கும் லாரிக்கும் பொட்டு வைத்த கையோடு வழங்கிக்கும் சந்தனம் சார்த்திவிட்டார். எந்த இடத்தில்? காற்று போகிற துளைகளின் மேல். மூச்சுவிடுகிற மூக்கை அடைத்து அலங்காரம். ‘சாமிக்குச் செஞ்சதுங் மேடம்’ என்றார். ‘சாமிக்கு மூச்சு முட்டாது, இதற்கு முட்டும்’ என்றேன்.

மறுநாளே ஓர் அறிவிப்பு வைத்தேன். காகிதத்தில் எழுதி ஒட்டினால் குளிர்காற்றில் பறந்துவிடுகிறது. ஆகவே வழங்கியின் திரையிலேயே வைத்தேன். யாரும் கை வைக்காமல் சிறிது நேரம் இருந்தால் தானாக ஓடத் தொடங்கும் திரைக்காப்பு இருக்கிறதல்லவா, அதில். சாதாரணமாக அல்ல, அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஒவ்வோர் எழுத்தும் தங்க நிறத்தில், கனத்தோடு, பக்கவாட்டில் ஒளி பட்டு, கீழே நிழல் விழுந்து, மெல்லச் சுழன்று வரும். வாசகமும் யோசித்து அமைத்தது: ‘அனுமதியின்றி இவ்வழங்கியைத் தீண்டற்க.’

‘தீண்டற்க’ என்பதைக் கவனியுங்கள். எதிர்மறை வியங்கோள். ‘தொடாதே’ என்றால் அதட்டல். ‘தொடாதீர்கள்’ என்றால் கெஞ்சல். ‘தீண்டற்க’ என்பதில் அதிகாரமும் இருக்கிறது, பண்பும் இருக்கிறது. குப்புராஜ் கண்ணாடிக்கு வெளியே நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, ‘இந்தத் தீண்டக்கா யாருங் மேடம், புதுசா வேலைக்கு வந்திருக்காங்களா?’ என்று கேட்டார். எல்லாரையும் வரிசையாக நிறுத்தி வைத்துப் பொருள் சொன்னேன். அன்றிலிருந்து நான் பார்க்க ஒருவரும் அந்த அறைப் பக்கம் போகவில்லை. மரியாதை என்பது கேட்டு வாங்குவதில்லை, கட்டமைப்பது.

இல்லை, வேர்க்கடலை வேண்டாம். நீங்கள் சாப்பிடுங்கள்.

நோய் அதன் பிறகு வந்தது. பில் போடும்போது பாதியில் நின்றுவிடும். வெளியே லாரி உறுமிக்கொண்டிருக்கும், உள்ளே திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். வழங்கியின் செயலி எவ்வளவு உழைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் ஜோஸ்பின் மேசையில் எப்போதும் திறந்திருக்கும். செயலி என்றால் செல்பேசியில் இறக்கிக்கொள்வது அல்ல. பிராசசர், அதன் மூளை. அந்தக் கோட்டைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. அலுவலகம் முழுக்க வேலை செய்யும்போது நடுவில் கிடக்கிறது. எல்லாரும் சாப்பிடப் போனால் மேலே ஏறி உச்சியில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உச்சி. வேலை இருந்தால் ஓய்வு, வேலை இல்லாவிட்டால் உழைப்பு! எங்கள் அலுவலகத்தில் இப்படி நடந்துகொள்வதற்கு முன்னுதாரணமே இல்லை.

இதில் இன்னொரு விந்தை. நான் அறைக்குள் போவேன். தங்க எழுத்துகள் சுழன்று என்னை வரவேற்கும். பார்க்கவே மனம் நிறையும். சுட்டியைத் தொட்டு உள்ளே என்ன ஓடுகிறது என்று பட்டியலைத் திறப்பேன். ஒன்றும் ஓடாது. செயலி, திட்டு வாங்கிய பிள்ளைபோல அடங்கிக் கிடக்கும். வெளியே வந்து என் இருக்கையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் மறுபடியும் உச்சி. ஜோஸ்பின் என் முகத்தைப் பார்ப்பாள். ‘அது உங்களப் பாத்தா பயப்படுது மேடம்’ என்பாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு அது வியப்பாகப் படவில்லை. நான் கூடத்துக்குள் நுழைந்தாலே அங்கு பேச்சு நின்றுவிடும். இது எங்கே போய்விடும்?

காரணத்தை முறைப்படி தேடினேன். நோய் ஆயுத பூசையை ஒட்டித் தொடங்கியது. ஆயுத பூசையன்று புதிதாக நடந்தது என்ன? சந்தனம். ஆகவே பெட்டியைத் திறந்து, தூரிகையால் துளை துளையாகத் துடைத்தோம். குப்புராஜைப் பக்கத்தில் நிற்க வைத்துத்தான் துடைத்தேன், அவரும் பார்க்கட்டும். கோடு அசையவில்லை. விசிறியை மாற்றினோம். நினைவகத்தைக் கழற்றி மாட்டினோம். வைரஸ் தேடினோம், தேடும்போது அடங்கியிருந்தது, தேடி முடித்துக் கதவைச் சாத்தினால் எகிறியது.

விஷயம் எங்கள் முதலாளியம்மா காதுக்குப் போயிற்று. கருணாம்பிகை அம்மாள். பம்பு ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்த உறுப்பில் கோளாறு என்று சொல்லிவிடுவார். கணினி அப்படிச் சத்தம் போடாததால் அதன்மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. ஒரு வெளிக் கம்பெனியிலிருந்து நிபுணர் ஒருவரை வரவழைத்தார். இளைஞர், கழுத்தில் பட்டை, பட்டையில் அட்டை, அட்டையில் அவருடைய படம், தாம் யாரென்று தமக்கே மறந்துவிடும் என்பதுபோல. உள்ளே போய்ச் சுட்டியை ஆட்டினார். அடங்கிவிட்டது. வெளியே வந்தார். எகிறியது. மறுபடி போனார், அடங்கியது. மோவாயைத் தடவிக்கொண்டு, ‘இது ஒளிஞ்சுக்கிற வைரஸ் மேடம், ஆள் வந்தா மறைஞ்சுக்கும்’ என்றார்.

‘அது வைரஸா, கடன்காரனா?’ என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பழைய வழங்கியைத் தூக்கிப் போட வேண்டும், எல்லாவற்றையும் தம் கம்பெனியின் பொறுப்பில் விட்டுவிட வேண்டும், ஆண்டு ஒப்பந்தம் போட வேண்டும் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா என்னை அழைத்தார்.

‘ஏனம்மிணி, உனக்குப் பிடிபடலீன்னா சொல்லீரு. வெள்ளிக்கிழமை அந்தத் தம்பி காயிதத்தோட வரும். கையெழுத்துப் போட்டுட்டா இங்க கம்ப்யூட்டருக்குத் தனியா ஆளு வேண்டியதில்லை. ஜோஸ்பின் புள்ளைக்கு வேற எடம் பாக்கச் சொல்லீரலாம். உன்னை விட்டுருவனா? புகார்ப் பிரிவுக்குப் போட்டுக்கறேன். பம்பு ஓடலீன்னு போன் பண்றவங்களுக்குப் பதில் சொல்லோணும், அவ்வளவுதான்.’

புகார்ப் பிரிவு! விடியற்காலையில் கிணற்றடியிலிருந்து விவசாயி அழைத்து, பம்பையும் கம்பெனியையும் எங்கள் எல்லாருடைய பெற்றோரையும் விசாரிப்பார். நாம் ‘சொல்லுங்கண்ணா, சொல்லுங்கண்ணா’ என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு முதுகலை. அதைவிட, ஜோஸ்பின் இந்த வேலைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. நான் சொல்லித்தான் வேறொரு வேலையை விட்டுவிட்டு வந்தாள். அவளிடம் எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்? அது என்னை அரித்தது.

‘அம்மா, நான் உள்ளே இருந்தால் அது அடங்கிவிடுகிறது’ என்றேன்.

‘அப்ப உள்ளயே உக்காந்துக்கோ’ என்றார்.

உட்கார்ந்தேன். நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு, சால்வை போர்த்திக்கொண்டு, சுட்டியில் கை வைத்தபடி காலை முதல் மாலை வரை காவல். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பில்கள் பறந்தன. ஆறுச்சாமி கண்ணாடிக்கு வெளியே நின்று கும்பிட்டார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். மூக்கு ஒழுகத் தொடங்கியது. சுக்கு காபி குடித்துவிட்டு வரலாமென்று எழுந்து போனேன். திரும்பி வந்தால் உச்சி. ஒரு குவளை காபிக்குள் உச்சி! வாழ்நாள் முழுவதும் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருக்க முடியுமா? எனக்கென்று ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களும் மேற்பார்வை வேண்டியவர்கள்தாம்.

வியாழக்கிழமை மத்தியானம். எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் ஜோஸ்பின் மேசையருகில் நின்று அந்தக் கோட்டை முறைத்துக்கொண்டிருந்தேன். உச்சியில் நின்றது. நாளைக்கு அட்டைக்காரர் வந்துவிடுவார். ஜோஸ்பின் சோற்றைத் திறக்காமலே வைத்திருந்தாள். பாவம், நான் சொல்லாமலே அவளுக்குச் செய்தி எட்டியிருந்தது. அப்போது அந்தக் கோடு, நானும் போகவில்லை, அவளும் போகவில்லை, கிணற்றில் கல் விழுந்ததுபோல் விழுந்தது.

‘மேடம், உள்ள யாரோ இருக்காங்க’ என்றாள்.

ஓடினோம். அறைக்குள் ஆறுச்சாமி. ஒரு கையில் சாதம் பிசைந்த விரல்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சுட்டியை ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சோற்றுக் கையை.

‘கோவிச்சுக்காதீங் மேடம். பொள்ளாச்சி லாரிக்கு பில்லு நின்னுபோச்சுங். அதான், வந்து ஒரு ஆட்டு ஆட்டுனேன்.’

‘ஆட்டினால்?’

‘ஆட்டுனா வந்துருமுங்.’

‘எப்போதிருந்து இது நடக்கிறது?’

‘ஆயுத பூசை நோம்பி முடிஞ்சதுல இருந்துங். நான் மட்டும் இல்லீங், எல்லாருந்தான். நீங்க சீட்டுல இல்லாதப்ப முறை போட்டு வர்றோமுங். இன்னிக்குக் குப்புராஜ் முறை, அவன் சாப்பிடப் போயிட்டானுங்.’

முறை போட்டு! என் அலுவலகத்தில்! ‘என்னிடம் ஒருவராவது ஏன் சொல்லவில்லை?’ என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கலாம்.

அவர் திரையைக் காட்டினார். ‘தொடக்கூடாதுன்னு நீங்கதானுங்க எழுதி வெச்சிருக்கீங்க. தொட்டா நல்லாருக்குதுன்னு உங்ககிட்டயே வந்து எப்படிங் சொல்றது? எருமைகூட சும்மா கட்டிப்போட்டா ஒதைக்குமுங். தடவிக்குடுத்தா அடங்கிரும். இதும் அப்படித்தான்னு நாங்களா நெனச்சுக்கிட்டோமுங்.’

எருமையை வைத்துக் கணினிக்கு இலக்கணம். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். ஜோஸ்பின் என் முழங்கையைப் பிடித்தாள். அவள் அப்படிச் செய்ததே இல்லை.

‘மேடம், ஒரு நிமிஷம். யாரும் எதையும் தொடாதீங்க. அண்ணா, கையைக் கட்டிக்கங்க.’

நின்றோம். கண்ணாடி வழியாக அவள் மேசையிலிருந்த வரைபடம் தெரிந்தது. வழங்கியின் திரை இருண்டது. பிறகு தங்க எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து, ஒளி பட்டு, நிழல் விழுந்து, சுழலத் தொடங்கின: அனுமதியின்றி இவ்வழங்கியை... அங்கே கோடு ஏறியது. ‘தீண்டற்க’ வந்து சேர்ந்தபோது உச்சி.

ஜோஸ்பின் சுட்டியைத் தொட்டாள். எழுத்துகள் மறைந்தன; கோடு விழுந்தது. காத்திருந்தோம். ஏறியது. நான் தொட்டேன், விழுந்தது. காத்திருந்தோம். ஆறுச்சாமி தொட்டார். அவருக்கும் விழுந்தது. அவருக்கும்! அத்தனை நாளும் நான் அதை எவ்வளவு உயர்வாக எண்ணியிருந்தேன்.

ஜோஸ்பின் என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாட்டில் கண்ணில் நீர் வந்துவிட்டது. பள்ளிப் பிள்ளைபோல் கைகட்டி நின்று, ஒவ்வொரு பாடநூலின் தொடக்கத்திலும் அச்சிட்டிருப்பார்களே, அதை ஒப்பித்தாள்: ‘தீண்டாமை ஒரு பாவச்செயல். தீண்டாமை ஒரு பெருங்குற்றம்.’

ஆறுச்சாமி சோற்றுக் கையை மறந்து கைதட்டினார். சோறு என் சால்வையில்.

காரணம் எளிது, நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக் கணினிகளில் படம் வரைவதற்கென்றே தனிக் கருவி இருக்கும். வழங்கிகளில் பெரும்பாலும் இருக்காது. அவற்றின் வேலை படம் காட்டுவதல்ல. அப்படிப்பட்ட ஒன்றிடம் ‘தங்க எழுத்தைச் சுழற்று, நிழலையும் விழவை’ என்றால், ஒவ்வொரு புள்ளியையும் அந்த மூளையே கணக்குப் போட்டு வரைய வேண்டும். வேறு வேலைக்கு நேரம் ஏது? நாம் தொட்டதும் எழுத்து மறைகிறது, மூளை மூச்சுவிடுகிறது. அதனால்தான் பட்டியலைத் திறந்தபோதெல்லாம் ஒன்றும் அகப்படவில்லை. பார்க்கப் போனாலே குற்றவாளி ஓடிவிடுகிறான். வேலை நேரத்தில் கோடு நடுவில் கிடந்ததும் இவர்கள் முறை போட்டு ஆட்டியதால்தான். அட்டைக்காரர் ‘ஆள் வந்தா மறைஞ்சுக்கும்’ என்றதில் பாதி சரி, அதை மறுப்பதற்கில்லை. திரைக்காப்பை எடுத்துவிட்டு வெறும் கறுப்புத் திரையாக விட்டோம். கோடு படுத்தது படுத்ததுதான். அன்று மாலை வரை எழவில்லை.

ஆக, கண்டுபிடித்தது யார்? ஆறுச்சாமி ஆட்டினார், உண்மை. ஜோஸ்பின் சேர்த்துப் பார்த்தாள், உண்மை. ஆனால் ஆய்வு நடந்தது என் தலைமையில். அறிக்கை எழுதியதும் நான்.

வெள்ளிக்கிழமை. முதலாளியம்மாவின் மேசையில் ஒரு பக்கம் அட்டைக்காரரின் ஒப்பந்தம், இன்னொரு பக்கம் என் அறிக்கை. ஒப்பந்தத்தின்மேல் பேனா மூடி திறந்து கிடந்தது. ஜோஸ்பின் கதவோரம் நின்றாள். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலை வரியின் மேல் வைத்து என் அறிக்கையைப் படித்தார். நல்ல அறிக்கை அது. ‘வழங்கியின் திரையில் பொருத்தப்பட்டிருந்த ஓர் அறிவிப்பின் மிகையான வடிவமைப்பே செயலியின் உழைப்புக்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. அவ்வறிவிப்பு நீக்கப்பட்டது.’ தமிழில் செயப்பாட்டு வினை எதற்காக இருக்கிறது என்பது அன்றைக்கு எனக்கு முழுமையாக விளங்கிற்று.

அம்மாவின் விரல் அந்த வரியிலேயே நின்றது.

‘பொருத்தப்பட்டிருந்ததுன்னா, யாரம்மிணி பொருத்துனது?’

‘அறிக்கையில் வினைதான் முக்கியம், அம்மா. எழுவாய் வெளிப்படையாக வரவேண்டியதில்லை. இலக்கணத்தில் அதைத் தோன்றா எழுவாய் என்போம்.’

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

‘தோணாம என்ன?’ என்றார். ‘எனக்கு நல்லாவே தோணுது.’

ஜோஸ்பின் கதவுக்கு வெளியே போய்விட்டாள். வெளியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று வைத்துக்கொண்டேன். அட்டைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை; எங்களை மாறி மாறிப் பார்த்தார். அம்மா பேனாவை எடுத்து, மூடியைப் போட்டு, தம் பையில் வைத்துக்கொண்டார். ‘தம்பி, உங்க வைரசுக்குக் கொணம் ஆயிருச்சு. இருந்து ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்’ என்றார்.

எங்கள் பிரிவு தப்பியது. ஜோஸ்பின் இருக்கிறாள், வாய் இன்னும் நீண்டிருக்கிறது. புகார்ப் பிரிவில் வேறு யாரோ ‘சொல்லுங்கண்ணா’ சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு புதிய ஏற்பாடு. இனிமேல் நான் அலுவலகத்தில் எந்த அறிவிப்பு வைத்தாலும் முதலில் ஆறுச்சாமியிடம் காட்ட வேண்டும். அவர் படித்துப் புரிகிறது என்றால் ஒட்டலாம். அம்மாவின் உத்தரவு. மற்றவர்கள் இதைத் தண்டனை என்று பேசிக்கொள்கிறார்கள். அறியாமை. எனக்கென்று தனியாக ஒரு மெய்ப்புத் திருத்துநரை நியமித்திருக்கிறார். எங்கள் கம்பெனியில் வேறு யாருக்கு அப்படி ஒருவர் இருக்கிறார், சொல்லுங்கள்?

சென்ற வாரம் குடிநீர்க் குழாயருகே வைக்க ஒன்று எழுதினேன். ‘குடிநீரை வீணாக்கற்க, குவளையை நிரப்புங்கால் கவனம் கொள்க.’ ஆறுச்சாமி அதை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது எளிதாக இருக்குமோ என்று தேடினார்போலும்.

‘மேடம், தண்ணியப் பாத்துப் புடிங்கன்னு போட்டாப் பத்தாதுங்களா?’

அரை நாள் வாதாடினேன். ‘தண்ணீரை’ என்றேன், எல்லாரும் தண்ணி என்றுதான் சொல்கிறார்கள் என்றார். ‘பிடிக்கவும்’ என்றேன், குழாயைப் பிடித்துக்கொண்டே நிற்பார்கள் என்றார். கடைசியில் அவர் சொன்னதே ஒட்டப்பட்டிருக்கிறது. எல்லாரும் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். தரையில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் நீங்கள் என்றைக்காவது எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் அதை நின்று படித்துப் பாருங்கள். ‘பாத்து’ என்று இருக்காது. ‘பார்த்து’ என்று இருக்கும். அந்த ‘ர்’ நான் போட்டது.